கிரேக்கக் கோயில் இடிபாடுகளை ஆராய வேண்டுமா? அளவு நாடாவிலிருந்து தொடங்குங்கள்

பண்டைய கிரேக்கக் கட்டடங்களை ஆராய விரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலைப் பற்றி நிறையப் படித்துவிட்டு வருவார்கள். அது வீண்போகாது. ஆனால் அகழாய்வுத் தளத்தில் முதல் வாரம் வரும் கேள்வி வேறு: அந்த மூலையில் கிடக்கும் கல்லை அளந்து 1:10 அளவில் வரைந்து தர முடியுமா? முடியும் என்பவரை அடுத்த கோடையிலும் அழைப்பார்கள். திரும்பத் திரும்பப் போகிறவர் கைக்குத்தான் இன்னும் வெளியிடப்படாத கற்கள் வந்து சேரும். ஆய்வேடும் அதன் பின் வேலையும் அந்தக் கற்களிலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் பல்கலைக்கழகப் பட்டியலைவிடக் கல்லுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த வாசல் வழியாக

செவ்வியல் மொழிகள் படித்தவர்கள், தொல்லியலோ கலை வரலாறோ படித்தவர்கள், கட்டடக்கலைப் பட்டதாரிகள் என மூன்று வகையினர் இத்துறைக்கு வருகிறார்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பி.ஆர்க். முடித்தவருக்கு ஜெர்மனி நல்ல வழி. பழைய கட்டடங்களை அளந்து ஆராய்வது அங்கே பௌஃபோர்ஷுங் என்ற பெயரில் கட்டடக்கலைத் துறைக்குள்ளேயே தனிப் பிரிவாக இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஓர் உதாரணம். இந்த மரபின் பெரிய பெயர் வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்ட். அவர் கட்டடக்கலை படித்தவர். 1877இல் ஒலிம்பியா அகழாய்வில் சேர்ந்ததும் அந்தத் தகுதியில்தான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா, சின்சினாட்டி, மிச்சிகன் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. ஆனால் கிரேக்கமும் லத்தீனும் ஓரளவாவது தெரியாதவரின் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே கழிந்துவிடும். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலை முடித்து, பிறகு மூன்று நான்கு ஆண்டு ஆய்வு. படிப்பு சீக்கிரம் முடியும், ஆனால் அந்த முதுகலை ஆண்டுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். உதவித்தொகை உறுதியாகாமல் கடன் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். இந்தத் துறைச் சம்பளத்தில் அந்தக் கடன் அடைய நெடுங்காலம் பிடிக்கும்.

மொழிகள்

குறைந்தது நான்கு தேவை: பண்டைய கிரேக்கம், லத்தீன், ஜெர்மன், நவீன கிரேக்கம். பிரெஞ்சு ஐந்தாவது, டெலோஸ், டெல்ஃபி இரண்டும் ஏதென்ஸிலுள்ள பிரெஞ்சுத் தொல்லியல் பள்ளியின் களங்கள் என்பதால் அவற்றைத் தொட நினைப்பவருக்கு அதுவும் கட்டாயம். சிசிலி, தென் இத்தாலிக் கோயில்கள் பக்கம் போனால் இத்தாலியன்.

நம் ஊர்க் கலைக் கல்லூரிகளில் பண்டைய கிரேக்கம் கிடைப்பது அரிது. ஆனால் இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பிக்கிறார்கள். எழுத்து, வேற்றுமை, வினைத் திரிபு எல்லாம் அங்கேயே பிடிபட்டுவிடும். பிறகு ஏதென்ஸ் வழக்கான அட்டிக்குக்கு மாற ஓராண்டு உழைப்பு போதும். இலக்கியம் படிப்பதோடு நிறுத்திவிடாமல் கட்டடக் கணக்குக் கல்வெட்டுகளுக்குச் சீக்கிரம் வாருங்கள். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றிலுள்ள எரெக்தியோன் கோயிலின் கி.மு. 409க்குப் பிந்திய கணக்குகள் கல்லில் பொறிக்கப்பட்டுக் கிடைத்திருக்கின்றன. எந்தத் தூணுக்கு யார் வரிப்பள்ளம் (தூணில் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளம்) செதுக்கினார், அவருக்கு எவ்வளவு கூலி என்பது வரை அதில் இருக்கிறது. குடிமகனும் அடிமையும் ஒரே தூணில் வேலை செய்து ஒரே நாள் கூலி வாங்கியதும் தெரியவருகிறது. இவற்றைப் படிக்க அகராதியைவிடக் கட்டட உறுப்புகளின் பெயர்கள் தெரிந்திருப்பதுதான் உதவும்.

நவீன கிரேக்கத்தை அலட்சியப்படுத்துகிறவர்கள் அதிகம். கிடங்குச் சாவி வைத்திருப்பவரிடமும் களக் காவலரிடமும், பளிங்கு வேலை செய்யும் தச்சர்களிடமும் ஆங்கிலத்தில் பேசி வேலை நடக்காது. டீனோஸ் தீவின் பளிங்குத் தொழில் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அளவுக்குப் பழைய மரபு. ஒரு உளித் தடத்தைப் பார்த்ததும் எந்த உளி, எந்தக் கோணம் என்று அந்தத் தச்சர்கள் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்காவது மொழி வேண்டும்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே

அம்மிக்கல்லை எடுத்து வையுங்கள். மேற்பரப்பு தேய்ந்திருக்கும், பக்கங்கள் கொத்தியபடி இருக்கும், ஒரு மூலை உடைந்திருக்கும். கிரேக்கக் கல்லில் பிரித்தறிய வேண்டிய மூன்றும் இதிலேயே இருக்கின்றன: செதுக்கிய பரப்பு, தேய்ந்த பரப்பு, உடைந்த பரப்பு. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, குறுக்கு வெட்டு ஒன்று என நான்கு படங்களை 1:5இல் வரையுங்கள். உடைந்த விளிம்பை ஒரு வகைக் கோட்டாலும் செதுக்கிய விளிம்பை இன்னொரு வகைக் கோட்டாலும் காட்டுங்கள். வரைந்ததை மட்டும் கொடுத்து, கல்லைப் பார்க்காத ஒருவரிடம் அதன் வடிவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் படத்தில் குறை இருக்கிறது.

கருவிகள் அதிகம் வேண்டாம். 5 மீட்டர் ஸ்டீல் டேப், 2 மீட்டர் மடக்கு அளவுகோல், மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, பெரிய காலிப்பர், வளைவுகளின் வடிவம் எடுக்கும் சீப்பு போன்ற புரொஃபைல் காஜ், 4எச் பென்சில்கள், டிராஃப்டிங் ஃபிலிம், பலகை, மென்மையான தூரிகை, டார்ச். துணி நாடா வேண்டாம், அது இழுபடும். கம்பித் தூரிகையைக் களத்துக்கே கொண்டுபோகக் கூடாது. ஒரே உரசலில் 2,400 ஆண்டு உளித் தடம் போய்விடும்.

ஒரு கல்லைப் படிக்கும் வரிசை

அளப்பதற்கு முன் கல் கிடக்கும் கிடையைப் பதிவு செய்யுங்கள். ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலின் தூண் உருளைகள் நிலநடுக்கத்தில் சரிந்து, அடுக்கிய வரிசை மாறாமல் ஒன்றையொட்டி ஒன்று கிடக்கின்றன. கிடந்த விதமே அங்கே சான்று. யாராவது முன்பே நகர்த்திய கல்லா, விழுந்த இடத்திலேயே கிடக்கிறதா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து எது மேல், எது கீழ் என்று கண்டுபிடிப்பது. புதியவர்கள் இதைத் தாண்டிவிட்டு நேராக அளக்கப் போவார்கள். பக்கத்துக் கல்லோடு பிணைக்கும் இரும்புக் கிளாம்ப்களின் குழிகள் மேற்பரப்பின் விளிம்பில் இருக்கும். ஒவ்வொரு கல்லிலும் பாதிக் குழிதான். கீழ் வரிசையோடு பிணைக்கும் முளைக் குழிகள் அடிப்பரப்பில் இருக்கும். மேற்பரப்பில் நடுவே சின்னதாக ஒரு குழி தனியாக இருந்தால் அது பெரும்பாலும் கடப்பாரை வைத்து மேல் வரிசைக் கல்லை நெம்பித் தள்ளிய இடம். மேலே இருந்த கல்லின் முனை அதன் அருகில் முடிந்திருக்கிறது, அந்தக் கல் எந்தத் திசையில் தள்ளி வைக்கப்பட்டது என்ற இரண்டும் இந்தச் சிறு குழியிலிருந்து கிடைக்கின்றன. மேற்பரப்பை டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: மேல் கல் மூடியிருந்த பகுதி வெயில் மழை படாமல் புதிதாக இருக்கும், வெளியே நீட்டியிருந்த பகுதி அரித்திருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மேல் கல்லின் முகம் நின்ற இடம்.

பக்கவாட்டு இணைப்பு முகத்தை எளிதில் அடையாளம் காணலாம். விளிம்பை ஒட்டி ஒரு பட்டை மட்டும் வழவழப்பாகவும், நடுப்பகுதி சற்றுக் குழிவாகக் கொத்தியபடியும் இருக்கும். இதற்கு அனதைரோசிஸ் என்று பெயர். முழு முகத்தையும் தேய்த்துச் சமன் செய்யாமல், கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் மட்டும் இறுக்கமான மூட்டு வரச் செய்யும் வேலைச் சிக்கனம். இந்தப் பட்டை இரு முனைகளிலும் இருந்தால் கல்லின் நீளம் முழுமையானது. ஒரு முனையில் மட்டும் இருந்தால் நீங்கள் அளந்தது எஞ்சிய நீளம். இந்த இரண்டையும் கலந்து எழுதிய அட்டவணை எதற்கும் உதவாது. எஞ்சிய அளவுக்கு எதிரே ஒரு குறி போடும் வழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு அளவையும் மூன்று இடங்களில் எடுங்கள்: இரு ஓரம், நடு. பளிங்கில் மில்லிமீட்டர் வரை நம்பலாம். சுண்ணாம்புக் கல்லில் விளிம்பு கரைந்திருக்கும். அங்கே மில்லிமீட்டர் எழுதுவது போலித் துல்லியம். மேலே சுண்ணப்பூச்சு ஒட்டியிருந்தால் அதன் தடிமனைத் தனியாகக் குறியுங்கள்.

உடைந்த துண்டிலிருந்து தூணின் விட்டம்

தூண் உருளை முழுதாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஒரு பக்கத் துண்டுதான் இருக்கும். டோரிக் என்ற கட்டடப் பாணியின் தூணில் வழக்கமாக 20 வரிப்பள்ளங்கள். அடுத்தடுத்த பள்ளங்கள் கூரான விளிம்பில் சந்திக்கும். ஒரு பள்ளத்தின் இரு விளிம்புகளுக்கு இடையே உள்ள நேர் தூரத்தை 6.39ஆல் பெருக்கினால் விட்டம் வந்துவிடும். வட்டத்தில் ஒரு பள்ளம் 18 டிகிரி எடுத்துக்கொள்கிறது, அதில் பாதி 9 டிகிரி, அதன் சைன் 0.1564 என்பதுதான் கணக்கு. 18 செ.மீ. அளந்தால் விட்டம் 115 செ.மீ.

சிக்கல் எங்கே என்றால், அளவில் 2 மி.மீ. பிசகினால் விட்டத்தில் 13 மி.மீ. பிசகிவிடும். விளிம்பு சிதைந்த கல்லில் 2 மி.மீ. பிசகாமல் அளப்பது நடக்காத காரியம். அதனால் முடிந்தால் தொடர்ந்து மூன்று பள்ளங்களைத் தாண்டி, முதல் விளிம்பிலிருந்து நான்காவது விளிம்புக்கு நேர் தூரம் எடுங்கள். அதை 2.2ஆல் பெருக்குங்கள். அதே 2 மி.மீ. பிசகு இப்போது 4 மி.மீ. சொச்சத்தில் நிற்கும். இரண்டு விளிம்புகளையும் ஒரே மட்டத்தில், உருளையின் படுகை முகத்தை (அடுத்த உருளையோடு பொருந்தும் தட்டை முகம்) ஒட்டியே அளக்க வேண்டும். தூண் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். சாய்வாக அளந்தால் கணக்கு கெட்டுவிடும்.

அயோனிக் என்ற இன்னொரு பாணியின் தூணுக்கு இந்தப் பெருக்கம் செல்லாது. அதில் வழக்கமாக 24 பள்ளங்கள், நடுவே தட்டையான பட்டைகளும் உண்டு. கொரிந்து அப்பல்லோ கோயிலில் நிற்கும் ஏழு தூண்கள் ஒற்றைக்கல், அதனால் உருளை அடுக்கும் கணக்கு அங்கே எழாது.

மேல் கூரை விளிம்பான கெய்சன் துண்டு கிடைத்தால் இன்னும் லாபம். அதன் அடியில் சாய்ந்த பலகை போன்ற மியூட்டூல்கள் இருக்கும். முழுதாக இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று வரிசையாக 18 சொட்டு வடிவக் குமிழ்கள். ஒரு மியூட்டூலும் அதன் அருகிலுள்ள இடைவெளியும் சேர்ந்த நீளத்தை 4ஆல் பெருக்கினால் இரு தூண்களின் மைய தூரம். மியூட்டூல் 50 செ.மீ., இடைவெளி 15 செ.மீ. என்றால் மைய தூரம் 2.60 மீட்டர், ஏதென்ஸின் பண்டைய சந்தைத் திடலான அகோராவின் மேலே நிற்கும் ஹெஃபைஸ்தியோன் கோயிலின் 2.58 மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். ஒரே ஒரு துண்டிலிருந்து கோயிலின் அளவு பிடிபடுவது இப்படித்தான். ஆனால் மூலைக் கல்லில் இதைச் செய்யாதீர்கள். மூலைத் தூண்களின் இடைவெளியைக் கிரேக்கர்கள் குறைத்தே கட்டினார்கள். மிகப் பழைய கோயில்களில் மெடோப் என்ற சதுரப் பலகைக்கு மேலுள்ள மியூட்டூல் குறுகலாகவும் இருக்கலாம்.

காலம் கணிப்பதில் நடக்கும் தவறுகள்

புறா வால் வடிவக் கிளாம்ப் என்றால் கி.மு. ஆறாம் நூற்றாண்டு, இரட்டை டி வடிவம் என்றால் ஐந்தாம் நூற்றாண்டு, இரு முனையும் கீழே மடங்கிய கொக்கி என்றால் பிற்காலம் என்று பாடத்தில் வரும். பொதுவாகச் சரிதான், ஆனால் ஒரு கல்லை வைத்து ஒரு கட்டடத்தின் காலத்தைச் சொல்லாதீர்கள். கற்கள் இடம் மாறுகின்றன. அகோராவில் கிடக்கும் ஆரெஸ் கோயில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கட்டடம், ஆனால் நிற்கும் அடித்தளம் ரோமானியக் காலத்தது. வேறிடத்தில் இருந்த கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எழுத்துக் குறி போட்டு, ஏதென்ஸுக்குக் கொண்டுவந்து மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். அது முதலில் நின்ற அடித்தளம் ஏதென்ஸுக்குக் கிழக்கே பல்லேனியில் பிறகு வெளிப்பட்டது. கி.பி. 267இல் ஹெரூலியர் என்ற படையெடுப்பாளர்கள் தாக்கிய பிறகு ஏதென்ஸில் எழுப்பிய மதிலில் பல கட்டடங்களின் கற்கள் கலந்து கிடக்கின்றன. அந்த மதில் ஓர் ஆய்வு மாணவருக்குச் சுரங்கம்.

கட்டியவர்கள் பயன்படுத்திய அடி எவ்வளவு நீளம் என்று தேடுவது இன்னொரு பொறி. 29.4 செ.மீ. அடி, 32.7 செ.மீ. அடி என்று இரண்டு மூன்று அளவுகளை வைத்துக்கொண்டு தேடினால் எந்தக் கட்டடத்திலும் முழு எண் கிடைத்துவிடும். கையிலுள்ள அளவுகளில் பாதிக்கு மேல் எஞ்சிய அளவுகளாக இருக்கும்போது இந்த விளையாட்டை ஆடாதீர்கள். நேர்காணலில் இதை விடாமல் துருவுவார்கள்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அக்ரோபோலிஸே சாட்சி. 1898 முதல் நிகோலாஸ் பலனோஸ் செய்த சீரமைப்பில் பல கற்கள் அவற்றுக்கு உரிய இடத்தில் வைக்கப்படவில்லை. ஈயம் சுற்றாத இரும்பு உள்ளே துருவேறிப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. பண்டைய தச்சர்கள் இரும்பைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். 1975இல் தனிக் குழு அமைத்து, பழைய இரும்பை எடுத்து டைட்டேனியம் வைத்து, கற்களை ஒவ்வொன்றாகச் சரியான இடத்துக்கு மாற்றும் வேலை தொடங்கியது. பார்த்தெனானின் தளம் குறுகிய பக்கத்தில் சுமார் 6, நீண்ட பக்கத்தில் சுமார் 11 செ.மீ. நடுவில் உயர்ந்திருக்கிறது. அந்த வளைவால் ஒவ்வொரு கல்லும் சற்று வேறு. கிளாம்ப் குழி, முளைக் குழி, அரிப்புக் கோடு மூன்றும் பக்கத்துக் கல்லோடு பொருந்தினால் மட்டுமே அதன் இடம் உறுதி.

ஃபோட்டோகிராமெட்ரி இருக்கும்போது கையால் ஏன்?

பல ஒளிப்படங்களைச் சேர்த்துக் கணினியில் முப்பரிமாண மாடல் செய்வதுதான் ஃபோட்டோகிராமெட்ரி. இரண்டும் வேண்டும். அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதமாவது ஒன்றன் மேல் ஒன்று விழும்படி, நான்கு அளவுகோல் பட்டைகளைக் கல்லைச் சுற்றி வைத்து, நிழல் விழாத அதிகாலையிலோ மேகமூட்டத்திலோ எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்த மாடலில் குழிகள் கருப்புக் கறையாகத்தான் வரும். ஆனால் எந்த மாடலும் இது உடைந்தது, இது செதுக்கியது என்று சொல்லாது. அந்த முடிவைக் கல்லின் முன் உட்கார்ந்து பென்சிலால் எடுக்க வேண்டும். மாலையில் லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுநாள் அதே கல்லுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை: இன்றைய துருக்கியிலுள்ள டிடிமா அப்பல்லோ கோயிலின் உட்சுவர்களில் பண்டைய கட்டடக் கலைஞர்கள் மெல்லிய கோடுகளாகக் கீறி வைத்த வேலைப் படங்களை 1979இல் லோதர் ஹாசல்பெர்கர் கண்டுபிடித்தார். நெடுங்காலமாக ஆய்வாளர்கள் நடமாடிய கோயில் அது. சாய்ந்த ஒளி விழாதவரை அந்தக் கோடுகள் கண்ணில் படாது.

அனுமதி

கிரீஸில் தொல்பொருள் தொடர்பான எல்லாவற்றையும் 2002ஆம் ஆண்டின் 3028ஆம் சட்டம் ஆண்டது, அது 2021இல் 4858ஆம் சட்டத்தின் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஏதென்ஸில் உள்ள வெளிநாட்டுப் பள்ளிகள் வழியாகத்தான் போக வேண்டும். இந்தியாவுக்கு அங்கே பள்ளி இல்லை. ஆகவே நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் நாட்டுக்கு ஏதென்ஸில் பள்ளி இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே பாருங்கள். பிரெஞ்சுப் பள்ளி 1846இலும், ஜெர்மன் நிறுவனத்தின் கிளை 1874இலும், அமெரிக்கப் பள்ளி 1881இலும், பிரிட்டிஷ் பள்ளி 1886இலும் தொடங்கியவை. ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு மூன்று தனி அகழாய்வுகளும், கிரேக்கத் தொல்லியல் துறையோடு கூட்டாக மூன்றும்தான். புதிய அகழாய்வு கனவை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏற்கெனவே தோண்டியெடுத்த பொருளை ஆராயும் அனுமதிக்குப் போங்கள்.

கல்லை நகர்த்துவது, புரட்டுவது, ட்ரோன் பறக்கவிடுவது எல்லாம் வட்டாரத் தொல்லியல் அலுவலகத்தின் தனி அனுமதி இல்லாமல் கூடாது. படத்தை வெளியிடுவதற்கும் தனி விண்ணப்பம், பல சமயம் கட்டணமும் உண்டு. வெளியிடும் உரிமை முதலில் அகழ்ந்தவருக்குத்தான். நீங்கள் வரையலாம் என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னது வெளியிடலாம் என்ற பொருளில் அல்ல. எந்தக் கற்கள், எந்த எண்கள், ஆய்வேட்டில் மட்டுமா, கட்டுரையிலுமா என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

விசாவையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆறு வார அகழாய்வுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா போதும். 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க நீண்ட காலத் தேசிய விசா வேண்டும். அமெரிக்கப் பள்ளியின் முழு ஆண்டுத் திட்டம் செப்டம்பரில் தொடங்கி அடுத்த கோடைக்கு முன் வரை ஓடும். இலையுதிர் காலத்தில் நாடு முழுக்கக் களப்பயணம் உண்டு. அதில் ஒவ்வொருவரும் ஒரு கட்டடத்தின் முன் நின்று விளக்கம் தர வேண்டும். வசந்தத்தில் கொரிந்தில் பயிற்சி அகழாய்வு.

ஆய்வேடும் வேலையும்

தலைப்பு எடுக்கும்போது இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழி, கிடங்கிலோ களத்திலோ உள்ள வெளியிடப்படாத கற்களை வைத்து ஒரு கட்டடத்தை மீட்டெடுப்பது. இரண்டாவது, அனுமதி தாமதமானாலும் நிற்காத தலைப்பு: கட்டடக் கணக்குக் கல்வெட்டுகள், அல்லது ஏற்கெனவே வெளியான கட்டடங்களில் ஒரு கட்டுமான உத்தி. முதல் வழியை மட்டும் நம்பி இரண்டு கோடைகளைக் காகிதத்துக்காகக் காத்திருந்து இழப்பவர்கள் உண்டு.

நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் விளம்பரங்கள் இலையுதிர் காலத்தில் வரும். அவற்றில் பலவும் தொடக்கநிலை லத்தீனோ கிரேக்கமோ கற்பிக்கத் தெரிந்தவரைக் கேட்பது போலத்தான் இருக்கும். மொழியை ஒதுக்கிய கட்டட ஆய்வாளர் அங்கேயே தடுக்கி விழுகிறார். பேராசிரியர் பணி அமையாதவர்களுக்கு அகழாய்வுக் குழுவின் கட்டடக் கலைஞர் பணி, பாதுகாப்புத் திட்டங்கள், டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியும், ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட முறையும் தெரிந்தால் நில அளவை வேலை என்று வழிகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் விண்ணப்பத்தோடு வரைபட மாதிரி கேட்பார்கள். முழுக் கோயிலின் அழகான மறுவரைவை அனுப்பாதீர்கள். ஒரே கல்லின் நான்கு பக்கப் படம், குறுக்கு வெட்டு, எண், எஞ்சிய அளவுக் குறிகள், அளவுகோல், வடக்குக் குறி எல்லாம் உள்ள இரண்டு தாள்கள் போதும். அனுப்புவதற்கு முன் பாதி அளவுக்குச் சுருக்கி அச்செடுத்துப் பாருங்கள். உளித் தடத்துக்காகப் போட்ட மெல்லிய கோடுகள் அழிந்துபோயிருந்தால் கோட்டின் தடிமனை 0.1 மி.மீ.யிலிருந்து 0.18க்கு மாற்றி மறுபடி எடுங்கள்.